ஒரு பல்லவி, இரு மெய்ப்பாடு: லேஹாரின் 'வில்யா' பாடலில் காலமும் சுருதியும்

1. ஆய்வுப்பொருள்

பாடல் ஒன்றன் இயல்பை எடுத்துரைக்க விரும்புவோர் மூன்று செய்திகளை முதற்கண் குறிப்பது இக்காலத்து வழக்காகிவிட்டது. அதன் காலப்பிரமாணம் ஒன்று. அதன் சுருதிநிலை மற்றொன்று. அது கேட்போர் உள்ளத்தில் எழுப்பும் மெய்ப்பாடு பிறிதொன்று. ஒலிப்பதிவுகளைத் தொகுத்து வழங்குவோர் இம்மூன்றையும் கணிப்பொறி வாயிலாகவே கண்டு, ஒவ்வொரு பாடலுக்கும் ஒரு குறிப்புச்சீட்டு எழுதிவிடுகின்றனர். நிமிடத்திற்கு இத்துணை அடி, இன்ன சுருதி, இன்ன உணர்வு என்று அச்சீட்டு கூறும். முதல் இரண்டும் அளந்து அறியத்தக்கன. மூன்றாவது அவ்விரண்டிலிருந்து தானே பெறப்படும் என்னும் எண்ணம் இவ்வழக்கின் அடியில் கிடக்கின்றது. விரைந்த நடையும் மேஜர் சுருதியும் கூடின் உவகை; தாழ்ந்த நடையும் மைனர் சுருதியும் கூடின் அழுகை என்பதே அதன் சாரம்.

இவ்வெண்ணம் இசைத்துறையோடு நின்றுவிடவில்லை. செய்யுளின் ஓசையைக் கேட்ட அளவிலேயே அதன் மெய்ப்பாட்டை முடிவு செய்துவிடும் பழக்கம் நம் வகுப்பறைகளிலும் உண்டு. ஆதலின் இதனை ஆராய்ந்து தெளிதல் இலக்கிய மாணவர்க்கும் கடமையாகின்றது. பொதுவாக வாதிடுவதினும், நன்கு அறியப்பட்ட பாடல் ஒன்றை எடுத்துக்கொண்டு அதன்கண் அளவுகோலை வைத்துப் பார்ப்பதே தக்க நெறியாகும். வியன்னா நகரத்து இசைநாடகம் ஒன்றில் இடம்பெற்று, இருபதாம் நூற்றாண்டு முழுவதும் இசைத்தட்டுகளில் மீண்டும் மீண்டும் பதிவாகிய 'வில்யா' என்னும் பாடல் இதற்கு ஏற்றது. காலமும் சுருதியும் மெட்டும் சொல்லும் சிறிதும் மாறாதிருக்க, மெய்ப்பாடு மட்டும் முற்றிலும் மாறுவதை அப்பாடல் காட்டுகின்றது.

2. நாடகமும் பாடலின் இடமும்

ஆபரெட்டா என்பது உரையாடல், பாடல், ஆடல் ஆகிய மூன்றும் கலந்து வரும் மெல்லிசை நாடகம். முழுவதும் பாடலாகவே நிகழும் ஆபராவினின்று உரையாடலால் இது வேறுபடும். பாரிசு நகரில் ஓஃபென்பாக் 1850களில் இதனை வளர்த்தார். வியன்னாவில் யோகான் ஸ்ட்ராஸ் இயற்றிய 'டீ ஃபிளேடர்மவுஸ்' 1874-இல் அரங்கேறியது. அம்மரபின் அடுத்த தலைமுறையைத் தொடங்கி வைத்தவர் ஃபிரான்ஸ் லேஹார் (1870–1948). அவருடைய 'டீ லுஸ்டிகெ விட்வெ', அதாவது 'களிப்புறு கைம்பெண்', 1905 டிசம்பர் 30-ஆம் நாள் வியன்னாவில் 'தியேட்டர் ஆன் டேர் வீன்' என்னும் அரங்கில் முதன்முதல் நடிக்கப்பெற்றது. நாடகத்தை யாத்தோர் விக்டர் லேயோன், லேயோ ஸ்டைன் என்னும் இருவர். பிரெஞ்சு நாடக ஆசிரியர் ஆன்றி மேயாக் 1861-இல் எழுதிய நகைச்சுவை நாடகமே அதற்கு மூலம்.

கதை சுருங்கக் கூறின் வருமாறு. போண்டெவெத்ரோ என்பது மான்டெனேக்ரோ நாட்டை நினைவூட்டும் ஒரு கற்பனை நாடு. அந்நாட்டுச் செல்வர் ஒருவரை மணந்து விரைவிலேயே கைம்மை எய்திய ஹன்னா கிளாவாரி பாரிசில் வாழ்கின்றாள். அவள் அயல்நாட்டான் ஒருவனை மணந்தால் அவளுடைய பெருஞ்செல்வம் வெளியேறித் தாய்நாடு வறுமையுறும். எனவே அந்நாட்டுத் தூதர் அவளை டானிலோ என்னும் தம் நாட்டு இளங்கோமகனுக்கு மணம் முடிக்க முயல்கின்றார். டானிலோவோ முன்னமே அவளை விரும்பியவன். அவள் ஏழையாயிருந்த காலத்தில் அவனுடைய குடும்பம் மணத்திற்கு இசையவில்லை. இப்பொழுது அவள் செல்வத்தி ஆயினமையின், பொருள் கருதிக் காதலித்தான் என்னும் பழி வருமென்று அஞ்சி, காதலைத் தன் வாயால் சொல்லவே மாட்டேன் என்று உறுதி பூணுகின்றான். சொல்லப்படாத அச்சொல்லே நாடகத்தின் உயிர்நிலை.

இரண்டாம் அங்கம் ஹன்னாவின் மாளிகைத் தோட்டத்தில் தொடங்குகின்றது. தாய்நாட்டு முறைப்படி அவள் விருந்து வைக்கின்றாள். வந்தோர் தாய்நாட்டு உடையில் ஆடுகின்றனர். அவர்க்கு அவள் தன் நாட்டுப் பழங்கதை ஒன்றைப் பாட்டாகப் பாடுகின்றாள். அதுவே வில்யா பாடல்.

பாடலின் செய்தி இது. வில்யா என்பவள் காட்டில் வாழும் அணங்கு. இளைய வேட்டுவன் ஒருவன் அவளைப் பாறைகளுக்கிடையே காண்கின்றான். இதுவரை அறியாத நடுக்கம் அவனைப் பற்றுகின்றது. அவன் ஏங்கிப் பெருமூச்சு விடுகின்றான். இது முதற் சரணம். இதனையடுத்து, தன்னை ஏற்றுக்கொள்ளுமாறு அவன் அவளை வேண்டும் பல்லவி வருகின்றது. இரண்டாம் சரணத்தில் அவள் கை நீட்டித் தன் பாறைமனைக்குள் அவனை அழைத்துச் செல்கின்றாள். மண்ணுலக மகளிரிடம் காணாத காதலை அவன் அவளிடம் காண்கின்றான். தன் விருப்பம் நிறைந்ததும் அவள் மறைந்துவிடுகின்றாள். அவன் தனித்து நிற்கின்றான். இதனையடுத்து முன்வந்த பல்லவியே மீண்டும் வருகின்றது. சொல்லும் மெட்டும் முன்போலவே அமைந்துள்ளன.

வில்யா என்னும் பெயர் ஸ்லாவிய மக்களின் நாட்டுப்புற நம்பிக்கையில் வரும் 'விலா' என்னும் நீர்–காட்டு அணங்கின் பெயரோடு தொடர்புடையது. சங்கப் பாடல்களில் வரும் சூரரமகளிரைத் தமிழ் மாணவர் ஈண்டு நினைவுகூர்தல் இயல்பு. ஆயினும் இரண்டும் ஒரு மூலத்தன எனக் கொள்ளுதற்குச் சான்று இல்லை. ஒப்புமை விளக்கத்திற்கு உதவும் அளவோடு அமைதல் வேண்டும்.

3. காலம்

இப்பாடலின் காலப்பிரமாணத்தை முதற்கண் நோக்குவோம். வியன்னா ஆபரெட்டா என்றவுடன் மூன்றெண்ணிக்கை வால்ஸ் நடையே பலர்க்கும் நினைவுக்கு வரும். இந்நாடகத்தின் புகழ்பெற்ற பாடல் ஒன்றும் அந்நடையினதே. வில்யா பாடலோ இரண்டெண்ணிக்கைத் தாளத்தில் அமைந்தது. பாரிசு விருந்தில் பாடப்படினும் அது நகரத்துப் பாட்டன்று, நாட்டுப்புறக் கதைப்பாட்டு என்பதை அத்தாளமே உணர்த்திவிடுகின்றது. சரணத்தில் சொற்கள் சிறு சுரங்களில் அடுத்தடுத்து நடக்கின்றன. கதை சொல்லும் நடை அது. பல்லவியில் சுரங்கள் நீள்கின்றன. வில்யாவின் பெயர் விளியாக நின்று விரிகின்றது.

இந்நிலையில், பாடலின் விரைவு யாது என்று வினவின் விடை எளிதன்று. சரணத்தின் சிறு சுரங்களை எண்ணுவோர் ஓர் எண் கூறுவர். பல்லவியின் நீண்ட சுரங்களை எண்ணுவோர் அதிற் பாதி கூறுவர். ஒருவர் நிமிடத்திற்கு 60 அடி என்பதை மற்றொருவர் 120 என்பார். இருவரும் பிழைத்தவர் அல்லர். கணிப்பொறி அளவீடுகளிலும் இத்தகைய இருமடங்கு, பாதிமடங்கு மயக்கங்கள் நேர்தல் அத்துறையோர் நன்கறிந்ததே. தவிரவும், பாடுவோர் பல்லவியில் காலத்தைத் தளர்த்துவதும் இறுக்குவதும் இம்மரபுக்கு இயல்பானவை. நெகிழும் காலத்திற்கு ஒரே எண்ணைக் கொடுப்பது, ஏறியும் இறங்கியும் செல்லும் மலைப்பாதைக்குச் சராசரி உயரம் கூறுவது போன்றது. எண் பொய்யன்று, எனினும் அதனைக் கொண்டு பாதையை அறிதல் இயலாது.

இன்னும் முதன்மையானது ஒன்று உண்டு. ஒரு பாடகி இரு பல்லவிகளையும் ஒரே விரைவிற் பாடுகின்றாள் என்றே கொள்வோம். முதற்பல்லவியில் அவ்விரைவு ஆர்வத்தின் விரைவு. இரண்டாம் பல்லவியில் அதே விரைவு, நிகழ்ந்து முடிந்ததை நினைவு கூர்பவனின் விரைவு. அளவு ஒன்று, அதன் பொருள் இரண்டு.

4. சுருதி

பாடல் ஜி மேஜர் சுருதியில் அமைந்தது. மேஜர் என்பதன் சுர வரிசை நம் சங்கராபரணத்தின் சுர வரிசையோடு ஒத்தது. அதனைப் பழந்தமிழ்ப் பண்களுள் பழம்பஞ்சுரத்தோடு இணைத்துக் கூறுவர். சுர வரிசை ஒத்தல் ஒன்று, பண்ணின் இயல்பு ஒத்தல் மற்றொன்று. மேலையிசையில் பல சுரங்கள் ஒருங்கே ஒலிக்கும் இயைபு சிறப்பிடம் பெறும். நம் இசையில் சுரத்தின் அசைவும் பிடிப்பும் சிறப்பிடம் பெறும். இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டே மேற்செல்லுதல் வேண்டும்.

மேஜர் மகிழ்ச்சிக்கும் மைனர் துயருக்கும் உரியன என்னும் விதி மேலையிசையில் பெருவழக்காயினும், அது விலக்கற்ற விதியன்று. வியன்னாவிலேயே 1762-இல் அரங்கேறிய குளுக்கின் 'ஓர்ஃபெயோ' என்னும் ஆபராவில், மனைவியை இரண்டாம் முறையும் இழந்த ஓர்ஃபெயோ பாடும் புலம்பல் சி மேஜரில் அமைந்துள்ளது. வியன்னாவின் இசைத்திறனாய்வாளர் எடுவர்ட் ஹான்ஸ்லிக் 1854-இல் வெளியிட்ட தம் இசையழகு பற்றிய நூலில் இப்பாடலையே எடுத்துக்காட்டினார். இழந்தேன் என்னும் சொல் நின்ற இடத்தில் அடைந்தேன் என்னும் பொருளுடைய சொல்லை வைத்தாலும் மெட்டு அதற்கும் பொருந்தும் என்பது அவர் காட்டிய செய்தி. இசை தானாக ஒரு குறித்த உணர்வைத் தாங்குவதில்லை என்னும் தம் கோட்பாட்டிற்கு அதனை அவர் சான்றாக்கினார்.

இனி, இசைத்தட்டில் சுருதி என்பது எத்துணை நிலையானது என்பதும் எண்ணத்தக்கது. பழைய தட்டுகள் நிமிடத்திற்கு 78 சுற்று எனக் கூறப்படினும், தொடக்கக் காலத்தில் பதிவுக்கூடந்தோறும் விரைவு வேறுபட்டது. தட்டு ஏறத்தாழ 6 விழுக்காடு விரைந்து சுழன்றால் ஒலி அரைச்சுரம் உயரும். அதாவது 78 சுற்றில் ஒலிக்க வேண்டியது ஏறத்தாழ 82.6 சுற்றில் ஒலிப்பின், ஜி மேஜர் ஏ-பிளாட் மேஜராகக் கேட்கும். அதனோடு காலமும் அதே அளவு விரையும். ஆதலின் பழந்தட்டில் காலமும் சுருதியும் தனித்தனி உண்மைகள் அல்ல. ஒன்றில் பிழை நேரின் மற்றதிலும் அது தானே நேரும். சுருதியின் அடிப்படை அளவும் எக்காலத்தும் ஒன்றாயிருந்ததில்லை. 1885-இல் வியன்னாவிற் கூடிய மாநாடு 'ஏ' என்னும் சுரத்திற்கு நொடிக்கு 435 அதிர்வு என்னும் அளவை ஏற்றது. 1939-இல் இலண்டனிற் கூடிய மாநாடு 440 என வகுத்தது. இரண்டிற்கும் இடையே அரைச்சுரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வேறுபாடு உண்டு. லேஹார் எழுதிய ஜி மேஜரும் இன்று தட்டில் ஒலிக்கும் ஜி மேஜரும் ஒரே பெயருடையன. ஒரே உயரத்தன என்று கொள்ளுதற்கில்லை.

5. ஒரு பல்லவி, இரு மெய்ப்பாடு

காலமும் சுருதியும் இவ்வாறாக, மெய்ப்பாட்டிற்கு வருவோம். தொல்காப்பியர் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடு எட்டினைக் கூறி, ஒவ்வொன்றும் தோன்றும் நிலைக்களன் நான்கு நான்காகப் பகுத்தார். உணர்வைப் பெயரளவிற் கூறி அமையாது, அது எதனின்று தோன்றுகின்றது என்று வினவியதே அப்பகுப்பின் சிறப்பு. உணர்வுப் பெயரை மட்டும் எழுதும் இக்காலக் குறிப்புச்சீட்டு விட்டுவிடும் வினாவும் அதுவே.

முதற்பல்லவியை அவ்வழியில் நோக்குவோம். வேட்டுவனைப் பற்றிய நடுக்கம் அச்சத்தின்பாற்படும். அச்சத்தின் நிலைக்களன்களுள் தொல்காப்பியர் முதற்கண் வைத்தது அணங்கு என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. இதுவரை காணாததைக் கண்டமையின் புதுமை பற்றிய மருட்கையும் உண்டு. கூட்டம் நிகழும் என்னும் எதிர்பார்ப்பினால் உவகையின் தொடக்கமும் உண்டு. இம்மூன்றும் கலந்து நிற்க, அவன் அவளை விளிக்கின்றான். அவள் எதிரே நிற்கின்றாள். வேண்டுகோளை ஏற்கவும் கூடும், மறுக்கவும் கூடும்.

இரண்டாம் பல்லவியில் அவன் விளிப்பது யாரை? எதிரே ஒருவரும் இல்லை. கூட்டம் நிகழ்ந்து முடிந்தது. அழுகையின் நிலைக்களன்களுள் ஒன்றாகிய இழவு ஈண்டு வந்துவிட்டது. ஏற்றுக்கொள் என்னும் வேண்டுகோள் ஏற்கப்பட்டுக் கைவிடவும் பட்ட பின்னர், அதே சொற்களால் மீண்டும் எழுகின்றது. முன்னர் அது வேண்டுகோள். இப்பொழுது அது புலம்பல். சொல்லில் ஓரெழுத்தும் மாறவில்லை, மெட்டு மாறவில்லை, மேஜர் மைனராகவில்லை. மாறியது அச்சொல் நிற்கும் இடமே.

இங்கு ஹான்ஸ்லிக்கின் கருத்தை நாம் பாதி ஏற்று, பாதி விலக்குதல் வேண்டும். மெட்டு தனித்து நின்று ஒரே உணர்வைக் கட்டாயப்படுத்துவதில்லை என்பது வில்யா பாடலாலும் உறுதிப்படுகின்றது. ஆயினும் மெட்டு உணர்வோடு தொடர்பற்றது என்பது பெறப்படவில்லை. லேஹார் இரண்டாம் பல்லவியை மைனருக்கு மாற்றியிருந்தால் துயரம் வெளிப்படையாகியிருக்கும், ஆழமாகியிராது. மாறாத மெட்டு, முன்னிருந்த இன்பத்தை அப்படியே நிறுத்திக் காட்டுவதனாலேயே இழப்பு மிகுகின்றது. தலைவன் அமர்ந்த இருக்கை, அவன் பிரிந்த பின்னும் அவ்விடத்திலேயே அவ்வாறே இருப்பது போன்றது இது. இருக்கை மாறவில்லை என்பதே துயரத்திற்குக் காரணம். ஆகவே, 'மேஜராயினும் துயரமான பாடல்' என்று கூறுதல் போதாது. 'மேஜராகவே நீடித்தமையின் துயரமான பாடல்' என்று கூறுதலே பொருந்தும்.

6. கூற்றும் கேட்போரும்

இதுகாறும் கதைக்குள் நின்று நோக்கினோம். இனிக் கதையைப் பாடுபவள் யார் என்று நோக்குதல் வேண்டும். அகப்பாடலை ஓதுவோர் முதற்கண் கேட்கும் வினா இது யார் கூற்று, யாருக்குக் கூறியது என்பதே. அவ்வினாவை இங்கு எழுப்பியவுடன் பாடல் மூன்று அடுக்காக விரிகின்றது.

பல்லவியின் பெரும்பகுதி வேட்டுவன் கூற்று. அவன் தன்மையில் நின்று பேசுகின்றான். ஆனால் அதன் முடிவில், காதல் நோயுற்ற ஒருவன் இவ்வாறு அஞ்சி வேண்டுகின்றான் என்னும் பொருளில் கதை கூறுவோரின் குரல் படர்க்கையில் வந்து சேர்கின்றது. வேட்டுவனின் சொல் அவன் வாயிலிருந்து நேரே வரவில்லை. பிறரொருவர் கொண்டெடுத்து மொழிந்தது என்பது அவ்வொரு தொடரால் தெளிவாகின்றது. கொண்டெடுத்து மொழிபவள் ஹன்னா. ஆணின் வேண்டுகோளைப் பெண் தன் குரலிற் பாடுகின்றாள்.

இது வெறும் மேடை வழக்கன்று. நாடகத்தில் காதலைச் சொல்ல வேண்டியவன் டானிலோ. அவன் சொல்ல மறுக்கின்றான். அவன் சொல்லாத வேண்டுகோளை, வேட்டுவன் சொல்லாக்கி, அவள் தானே பாடிவிடுகின்றாள். அதே பொழுதில் கிடைத்துப் பின் இழந்த காதலின் துயரமும் அப்பாட்டில் உண்டு. அது ஏழைமையால் ஒருமுறை கைவிடப்பட்ட ஹன்னாவுக்கு உரியது. ஆகவே வேட்டுவன் என்னும் ஒரு முகமூடிக்குள் இருவர் உள்ளனர்: வாய் திறவாத டானிலோ ஒருவன், முன்னரே இழந்த ஹன்னா மற்றொருத்தி.

கேட்போரை நோக்கின் இன்னொரு நுட்பம் புலப்படும். பல்லவியை விருந்தினர் குழுவாக எடுத்துப் பாடுகின்றனர். அவர்க்கு அது தாய்நாட்டை நினைவூட்டும் இனிய பாட்டு, அவ்வளவே. ஒரே பல்லவி ஒரே பொழுதில் பாடுபவளுக்குத் துயரமாகவும் உடன்பாடுவோர்க்குக் களிப்பாகவும் ஒலிக்கின்றது. இப்பாடலுக்கு ஒரே உணர்வுப் பெயர் எழுத முற்படுவோர் யாருடைய உணர்வை எழுதுவர்?

இவ்வங்கத்தின் முடிவு இதனை வலியுறுத்துகின்றது. தூதரின் மனைவி வலான்சியென்னைப் பழியினின்று காக்க, ஹன்னா தான் கமீல் என்னும் பிரெஞ்சு இளைஞனை மணக்கப்போவதாக அறிவிக்கின்றாள். உள்ளம் கொதித்த டானிலோ, தன் சினத்தை நேரே கூறாது, காதல் கொண்ட இரு அரச மக்களின் கதையாக மறைத்துக் கூறிவிட்டு வெளியேறுகின்றான். அக்கதையைக் கேட்ட அளவில் அவன் தன்னையே விரும்புகின்றான் என்பதை அவள் உணர்ந்து மகிழ்கின்றாள். அங்கத்தின் தொடக்கத்தில் பெண் ஒரு கதை கூறினாள். முடிவில் ஆண் ஒரு கதை கூறினான். இருவரும் நேரே சொல்ல இயலாததைக் கதைக்குள் வைத்துப் பேசினர். வில்யா பாடல் இடையே செருகப்பட்ட இனிய பாட்டு மட்டுமன்று, அங்கத்தின் ஒரு கரை என்பது இதனாற் பெறப்படும்.

7. இசைத்தட்டு செய்யும் மாற்றம்

இத்துணைப் பொருளும் இசைத்தட்டில் நிலைபெறுகின்றதா? பழைய 78 சுற்றுத் தட்டுகளில் பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ 3 நிமிடமும், பன்னிரண்டங்குலத் தட்டின் ஒரு பக்கம் 4 நிமிடத்திற்குச் சற்று மிகுதியும் கொள்ளும். இரு சரணமும் இரு பல்லவியும் குழுவினர் பாடும் பகுதியும் கூடிய முழுவடிவத்தை, நெகிழ்ந்த காலத்தில் பாடி, பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் அடக்குதல் அரிது. பாடலைக் குறைத்தல் வேண்டும். அன்றேல் விரைந்து பாடுதல் வேண்டும். குறைக்குங்கால் இரண்டாம் சரணம் விடப்படின், இழப்பு என்பதே பாடலில் இல்லையாகின்றது. எஞ்சுவது ஏக்கமும் எதிர்பார்ப்பும் உள்ள காதற்பாட்டு. காலமும் சுருதியும் முழுமையாகவே உள்ளன. மெய்ப்பாட்டில் பாதி போய்விட்டது. சொல்லை நீக்கிப் பல்லியத்திற்கு மட்டும் அமைத்த பதிவுகளிலோ, இரு பல்லவிகளையும் வேறுபடுத்த ஒன்றுமே இல்லை.

1948-இல் நெடுநேரத் தட்டு வந்த பின்னர் முழு ஆபரெட்டாவையும் தொடர்ந்து கேட்கும் வாய்ப்பு ஏற்பட்டது. எலிசபெத் ஷ்வார்ட்ஸ்கோப்ஃப் ஹன்னாவாகப் பாடிய முழுப் பதிவுகள் இரண்டு உள. 1953-இல் ஓட்டோ ஆக்கர்மன் நடத்தியது ஒன்று. 1962-இல் லோவ்ரோ வான் மடாச்சிச் நடத்தியது மற்றொன்று. இரண்டிலும் உடனின்று இசைத்தது பில்ஹார்மோனியா பல்லியக் குழு. இவற்றுள் எது விரைந்தது, எது தாழ்ந்தது என்று அளந்து நிறுத்துவதினும் பயனுடைய ஆய்வு ஒன்று உண்டு. ஒவ்வொரு பதிவிலும் முதற்பல்லவியையும் இரண்டாம் பல்லவியையும் தம்முள் ஒப்பிட்டு, சொல்லின் அழுத்தம், மூச்சின் இடைவெளி, குரலின் மென்மை ஆகியவற்றில் பாடகி செய்யும் வேறுபாட்டைக் காணுதலே அது. ஆசிரியர் மெட்டை மாற்றாது விட்டமையின், இரு பல்லவிக்கும் இடையேயுள்ள தொலைவைக் கடத்தல் பாடுவோர் பொறுப்பாயிற்று. இப்பாடலைப் பாடிய நல்ல பாடகியரை மற்றையோரிடமிருந்து பிரித்தறிய இதுவே உரைகல்.

8. ஒரு மறுப்பும் விடையும்

'நன்று, எனினும் மொழி அறியாதாரும் இப்பாடலைக் கேட்டு உருகுகின்றனரே, அவர்க்குக் கூற்றும் தெரியாது, கேட்போரும் தெரியாது. அவர் பெற்ற உணர்வு காலத்தாலும் சுருதியாலும் வந்ததன்றோ?' என வினவுவாரும் உளர். இவ்வினா தள்ளத்தக்கதன்று. இனிமை, மென்மை, ஏக்கம் என்னும் பொதுவுணர்வு மெட்டினாலும் குரலினாலும் எவர்க்கும் எய்தும். ஆனால் அது ஏக்கமா, எதிர்பார்ப்பா, இழப்பா என்னும் வேறுபாடு அவர்க்கு எய்தாது. நிலத்தின் ஈரத்தை உணர்தல் வேறு. அது மழையால் வந்ததா, ஊற்றால் வந்ததா என அறிதல் வேறு. முன்னதைக் குறிப்புச்சீட்டு தரலாம். பின்னதைத் தருவது திறனாய்வின் பணி.

தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளுறுப்புகளை முறைப்படுத்தும் வரிசை ஈண்டு நமக்கு வழிகாட்டுகின்றது. மாத்திரை, எழுத்து, அசை, சீர் எனத் தொடங்கும் அவ்வரிசை, தூக்கு முதலியவற்றைக் கடந்து, கூற்று, கேட்போர், களன், காலம், பயன் ஆகியவற்றைக் கூறிய பின்னரே மெய்ப்பாட்டைக் கூறுகின்றது. இவ்வரிசை இவ்வொரு காரணம் பற்றியே அமைந்தது என வற்புறுத்தல் வேண்டா. ஆயினும் ஓசை உறுப்புகளிலிருந்து மெய்ப்பாட்டிற்கு நேரே தாவாமல், பேசுவோன், கேட்போன், இடம், பொழுது, பயன் ஆகியவற்றின் வழியே செல்லும் நடை அதில் உண்டு. வில்யா பாடலை ஆராய்ந்தபொழுது நாம் நடக்க நேர்ந்த வழியும் அதுவே.

9. நம் வகுப்பறைக்கு

ஆபரெட்டாப் பாடல் ஒன்றைத் தமிழ் மாணவர் முன் வைத்தது அயல்நாட்டு இசையை அறிமுகம் செய்தற்கு மட்டுமன்று. செப்பல், அகவல், துள்ளல், தூங்கல் என ஓசை நான்கினை நாம் கற்பிக்கின்றோம். துள்ளல் என்னும் பெயர் கேட்ட மாணவர், கலிப்பா களிப்புக்கு உரியது என எண்ணிவிடுதல் உண்டு. கலித்தொகையின் பாலைக்கலி 35 பாடல்களும் அவ்வெண்ணத்தை மறுத்து நிற்கின்றன. பிரிவும், பிரிவைத் தடுக்க முயலும் தோழியின் சொல்லும், பின்னிற்கும் தலைவியின் துயரும் துள்ளல் ஓசையிலேயே வருகின்றன. துள்ளலோசையில் பிரிவு வருவதும் மேஜரில் இழப்பு வருவதும் ஒரே வகையின. இரண்டிடத்தும் ஓசையை அறிந்தோம் என்பதனால் பொருளை அறிந்தோம் ஆகோம்.

ஆய்வு மாணவர் ஒலிப்பதிவுகளையோ செய்யுள்களையோ அட்டவணைப்படுத்துங்கால் காலம், சுருதி, சீர், ஓசை ஆகியவற்றை அளத்தல் வேண்டும். அளவு இன்றி ஆராய்ச்சி இல்லை. அதனோடு, இது யார் கூற்று, யார் கேட்கின்றனர், முன்னர் யாது நிகழ்ந்தது, இது முதல்முறையா மீண்டும் வருவதா என்னும் நான்கு வினாக்களுக்கும் விடை எழுதிய பின்னரே மெய்ப்பாட்டின் பெயரை எழுதுதல் வேண்டும்.

10. முடிவு

வில்யா பாடலின் காலம் அளக்குமிடத்தால் வேறுபடுகின்றது. சுருதி தட்டின் சுழற்சியாலும் காலத்தின் வழக்காலும் உயர்ந்தும் தாழ்ந்தும் நிற்கின்றது. இவ்விரண்டும் நிலையாக இருந்தன எனக் கொண்டாலும், ஒரே பல்லவி முன்னர் வேண்டுகோளாகவும் பின்னர்ப் புலம்பலாகவும், பாடுபவளுக்கு ஒன்றாகவும் உடன்பாடுவோர்க்கு வேறாகவும் நிற்கின்றது. எனவே மெய்ப்பாடு, காலமும் சுருதியும் ஈனும் பயனன்று. கூற்றும் கேட்போரும் களனும் கூடிய இடத்தில் அவ்விரண்டும் ஏற்கும் பொருள். இசையாசிரியரின் ஆற்றல் ஒவ்வோர் உணர்வுக்கும் ஒவ்வொரு சுருதி தேடுவதில் மட்டும் இல்லை. மாற்ற வேண்டாத இடத்தில் மாற்றாது நிறுத்துவதிலும் அது உண்டு என்பதற்கு, 1905-இல் வியன்னா அரங்கில் எழுந்த இச்சிறு பாடல் சான்றாகின்றது.